இருபத்து மூன்று வோல்ட் வஞ்சம்

மனித குலத்தில் இதுவரை நடந்த பழிவாங்கல்களில் பெரும்பாலானவை கோணலாய்ப் போய் முடிந்ததற்கு ஒரே காரணம், பழிவாங்கியவர்களுக்கு ஓம் விதி தெரியாததுதான். ஃபால்க் ஊலிக் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெம்னிட்ஸ் நகரத்தில் மின்பொறியியல் மூன்றாம் பருவம் படிக்கிற இருபது வயதுக்காரன் எதையுமே விளையாட்டுக்குச் சொல்வதில்லை. வாள், விஷம், மொட்டைக் கடிதம் என்று ஜனங்கள் காலங்காலமாகக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். எவ்வளவு தள்ளுகிறோம், எதிரில் எவ்வளவு முரண்டு இருக்கிறது, அதனால் எவ்வளவு பாயும் என்ற மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வெறும் கோபத்தோடு இறங்கினால் வேறென்ன ஆகும்? தள்ளுவது மின்னழுத்தம், முரண்டு பிடிப்பது மின்தடை, பாய்வது மின்னோட்டம். தள்ளுவது மாறாமல் முரண்டு பாதியானால் பாய்ச்சல் இரண்டு மடங்கு. இதில் கோபத்துக்கு எங்கே இடம் இருக்கிறது என்று அவன் விடுதி நண்பர்களைக் கேட்பான். அவர்கள் பீர் குடிப்பார்கள்.

ஃபால்க்குக்குக் கணக்கும் இருந்தது, கோபமும் இருந்தது. கோபம் பல் மருத்துவர் டோரீன் ஸ்யூஸ் மேல்.

அவன் சொந்த ஊரான ஹோல்ஸ்குருண்டில் கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன்பே எல்லா ஜன்னலிலும் மரவளைவு ஏறிவிடும். கீழே செதுக்கிய சுரங்கத் தொழிலாளிகள், மேலே அரைவட்டமாக ஏழு மின்சார மெழுகுவர்த்திகள். அந்த நான்கில் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைக்கு முன்னால் எரியவிடுவது, கல்யாணத்துக்கு முன்னால் பந்தி போடுவதுபோல. யாரும் செய்வதில்லை. இந்த வளைவுகளுக்கு சுவிட்ச் கிடையாது. ஏழு பல்பும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்தவை. ஒரு பல்பை அரைத் திருகு தளர்த்தினால் பாதை அறுந்து ஏழும் அணையும். இறுக்கினால் ஏழும் எரியும். ஊரில் பால் மறக்காத குழந்தைக்கும் இது தெரியும்.

தீயணைப்பு நிலைய ஜன்னலில் இருப்பது ஊர்ப்பொது வளைவு. அதன் நடு பல்பை இறுக்கி ஊருக்கே வெளிச்சம் தொடங்கி வைக்கும் மரியாதை வருடத்துக்கு ஒருவருக்கு. போன வருடம், காலேஜில் இடம் கிடைத்த பையன் என்று ஃபால்க்குக்குக் கொடுத்தார்கள். அவன் இறுக்கினான். எரியவில்லை. இன்னும் இறுக்கினான். ஊர் முழுக்கத் தெருவில் நின்றது, கையில் சூடான மசாலா வைனோடு.

அங்கேதான் அவன் சட்டைப் பையிலிருந்து மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தான். எடுத்ததோடு நிற்காமல் திரும்பி நின்று பேசவும் செய்தான். வரிசைச் சுற்று என்றால் என்ன, இழை அறுந்த ஒரு பல்பின் மின்தடை எப்படி எல்லையில்லாமல் போகிறது, சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட்டும் எப்படி அந்த ஒரு வெட்டுவாயில் வந்து நிற்கிறது, அதை முறைப்படி எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றெல்லாம். ஒரு வார்த்தையும் தப்பில்லை. வைன்தான் ஆறிக்கொண்டிருந்தது.

விளக்குச் சங்கத் தலைவி டாக்டர் ஸ்யூஸ் அவனுக்குப் பின்னால் போனாள். கையில் ஒரே ஒரு நல்ல பல்பு. இடப்பக்கத்தில் ஆரம்பித்தாள். பழசைப் பிடுங்கி, நல்லதை வைத்துத் திருகி, எரியாவிட்டால் பழசையே திரும்பப் போட்டு, "அடுத்தவர் வாங்க" என்று அடுத்த பல்லுக்கு, அதாவது அடுத்த பல்புக்கு. நான்காவதில் ஏழும் பளிச்சென்று எரிந்தன. ஃபால்க் அப்போது இரண்டாவது சூத்திரத்தில் இருந்தான்.

"பாடம் முடிஞ்சுதா தம்பி?" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மெதுவா முடி. நாங்க லைட்டைப் போட்டுட்டோம்."

ஊர் சிரித்தது. சிரிப்பு ஒரு நாளில் போய்விடும். பெயர் போகாது. அன்றிலிருந்து அவன் இருட்டு ஃபால்க். ரொட்டிக் கடையில் இருட்டு ஃபால்க், பேருந்தில் இருட்டு ஃபால்க். இந்த வருடம் சங்கம் இன்னொன்றும் செய்தது. பொது வளைவுக்கு ஒரு சுவிட்ச் வாங்கி மாட்டியது. சுவிட்சுக்கு ஊர் வைத்த பெயர் 'ஃபால்க்'. "ஃபால்க்கை அமுக்கு" என்றால் விளக்கு எரியும்.

விடுதியில் அவன் அவளுடைய வழிக்குக் 'கோழி முறை' என்று பெயர் வைத்திருந்தான். கழுத்தை நீட்டி, மூக்கால் ஒவ்வொரு பல்பாகக் கொத்தி நடித்துக் காட்டுவான். சிந்தனை இல்லாத உயிரினங்களின் மின்னியல் என்பான். நண்பர்கள் இதற்குக் கொஞ்சம் சிரிப்பார்கள். ஆனால் நடிப்பு முடிந்து படுத்தால் அவனுக்குத் தூக்கம் வராது. அவள் ஜன்னல் இருட்டாக வேண்டும், அதே ஊர் அதே வைனோடு அதைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்று நடக்காமல் அவன் அந்த ஊரில் இனி பேருந்தைவிட்டு இறங்க முடியாது என்று தோன்றியது.

வழி விடுதியிலேயே இருந்தது. பொது அறை மரத்தில் சுற்றியிருந்த சரத்தில் பத்து விளக்குகள். அதே உருவம், அதே திருகு, அதே பால்நிறக் கண்ணாடி. வித்தியாசம் உலோக அடியில் எறும்பு எழுத்தில் பொறித்த எண் மட்டும். இருநூற்று முப்பதை ஏழு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு முப்பத்து மூன்று, அதனால் வளைவு பல்பில் முப்பத்து நாலு என்று இருக்கும். பத்து பேர் பங்கு போட்டால் இருபத்து மூன்று. பத்துப் பேர் பந்திக்குப் பழகிய ஏழு வயிற்றை ஏழு பேர் பந்தியில் உட்கார வைத்தால்? ஒவ்வொன்றும் அளவுக்கு மீறித் தின்னும். பிரமாதமாக ஜொலிக்கும். சீக்கிரம் சாகும். அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே இழையின் ஆயுள் மடமடவென்று இறங்கிவிடும். ஃபால்க் கணக்குப் போட்டான். ஆயிரம் மணி நேரம் எரிய வேண்டியது பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். சனிக்கிழமை மாலை முழுக்க எரிந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை நடுவில் போகும். முதல் ஞாயிறு மாலை ஊர் முழுக்க ஒரு வீட்டில் கூடி உட்காருவது வழக்கம், இந்த வருடம் அது டாக்டர் ஸ்யூஸின் காத்திருப்பு அறையில். வளைவு இருப்பதும் அதே அறை ஜன்னலில்.

எதிரியை முதலில் ஊரே மெச்சும்படி ஜொலிக்க வைத்து அப்புறம் அணைப்பது. வாளால் இது முடியுமா?

சரத்திலிருந்து ஏழு பல்பைக் கழற்றிக்கொண்டான். விடுதி மரம் இருண்டது. பெரிய காரியங்களில் சின்ன இழப்புகள் இருக்கத்தான் செய்யும். அழுக்குத் துணி மூட்டைக்குள் ஏழையும் காலுறைகளில் சுற்றி வைத்து, வெள்ளிக்கிழமை கடைசி நோயாளியாக டாக்டர் ஸ்யூஸிடம் நேரம் வாங்கினான். கடைவாயில் ஒரு பல் உண்மையிலேயே வலித்ததால் அது பொய்யும் இல்லை.

காத்திருப்பு அறையில் வேறு யாரும் இல்லை. உதவிப் பெண் உள்ளே தொலைபேசியில் யாருக்கோ பல் செட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். வளைவு ஜன்னலில் பிளக் மாட்டாமல் நின்றது. ஃபால்க் இருந்த ஏழு பல்பையும் கழற்றினான், கொண்டுவந்த ஏழையும் போட்டான். கழற்றியவை கோட்டுப் பைக்குள் போயின.

உள்ளே நாற்காலியில் சாய்ந்தபோது டாக்டர் ஸ்யூஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.

"வா, இன்ஜினியர் தம்பி. திற. இன்னும் பெருசா. போன வருஷம் தெருவுல திறந்தியே, அந்த அளவுக்கு."

அவன் திறந்தான். அவள் பேசிக்கொண்டே வேலை செய்தாள். ரமோனா, அதாவது அவன் அம்மா, பையனைப் பற்றி ரொம்பப் பெருமையாகச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் கோபமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் துளைக்கும் கருவியை எடுத்தாள். வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாக இருக்கும் ஒருவனிடம் எத்தனை கேள்வி கேட்கலாமோ அத்தனையும் கேட்டாள். ஃபால்க் கூரையைப் பார்த்தபடி சந்தோஷமாகக் கிடந்தான். பேசு தாயே, பேசு. ஞாயிற்றுக்கிழமைவரை பேசு.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்று, முப்பத்து நாலு வோல்ட் பல்புகள் ஏழையும் அஸ்தி கரைப்பதுபோல ஒவ்வொன்றாக ஓடையில் விட்டான். பாதி மரத்துப்போன உதட்டோடு ஏதோ சொல்லவும் செய்தான். என்ன சொன்னான் என்று அவனுக்கே புரியவில்லை.

சனிக்கிழமை மாலை தீயணைப்பு நிலையத்தில் மேயர் ஃபால்க்கை அமுக்கினார். ஊர் கைதட்டியது. பிறகு வீதி வீதியாக ஜன்னல்கள் எரிந்தன, எல்லாம் வழக்கமான வெண்ணெய் நிறத்தில். பல் மருத்துவர் ஜன்னல் மட்டும் வெள்ளை வெளேரென்று, கண் கூசுகிற மாதிரி ஜொலித்தது. செதுக்கிய சுரங்கத் தொழிலாளிகளின் மீசை மயிரை எண்ணலாம் போல இருந்தது. கூட்டம் அங்கே போய் நின்றுவிட்டது. தீயணைப்புப் படைத் தலைவர் கோட்ஹார்ட் ராய்ட்டர், எழுபது கிறிஸ்துமஸ் பார்த்த மனுஷன், தொப்பியைக் கழற்றினார். இப்படி ஒரு வெளிச்சம் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார். டாக்டர் ஸ்யூஸ் வாசலில் நின்று தலையசைத்துப் பாராட்டை வாங்கிக்கொண்டாள். ஃபால்க்கும் கைதட்டினான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினான்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள் அவள் அவனைப் பார்த்து.

"ரொம்ப," என்றான்.

அன்று அவன் ஒரு வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான். ஞாயிறு மத்தியானம் தாண்டி எழுந்து கீழே வந்தபோது, அம்மா வரவேற்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் சர்க்கரைத் தூள் தூவிய ஸ்டோலன் கேக் இரண்டு. புகைவிடும் மரப்பொம்மையின் வயிற்றுக்குள் சாம்பிராணிக் கூம்பு வைத்திருந்தாள். எதற்கு இவ்வளவு நாற்காலி என்று கேட்டான்.

சர்ச்சில் டாக்டரம்மாவைப் பார்த்ததாக அம்மா சொன்னாள். காத்திருப்பு அறை ஹீட்டர் திடீரென்று நின்றுவிட்டதாம். சாயங்காலக் கூட்டத்தை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாளாம். எவ்வளவு தங்கமான மனசு, சும்மா கேட்கவில்லை, பதிலுக்கு ஒரு பரிசும் கொடுத்தாளாம்.

"நம்ம வளைவு எப்பவும் மங்கலாத்தானே எரியுது," என்றாள் அம்மா. "கரண்ட் படிக்கிற பையன் இருக்கிற வீடு, ஊர்லயே மங்கல் ஜன்னல் நம்மளுது. அதைச் சொன்னேன். உடனே அவங்க பல்பு ஏழையும் கழட்டிக் கொண்டாந்து குடுத்துட்டாங்கடா. நம்மளுதை அவங்க எடுத்துக்கிட்டாங்க. யாரு செய்வா இப்படி?"

ஃபால்க் ஜன்னலைப் பார்த்தான். அப்பா இறப்பதற்கு முந்தின குளிர்காலத்தில் தன் கையால் அறுத்துச் செய்த வளைவு. அதன் தலையில் விடுதிப் பல்புகள் ஏழும் சாதுவாக உட்கார்ந்திருந்தன. நேற்று ஏழு மணி நேரம் எரிந்திருக்கும். மிச்சம் மூன்று. நான்கு மணிக்கு ஏற்றினால் ஏழு மணிக்கு.

அவன் செய்யாத முயற்சி இல்லை. இந்த வெளிச்சம் கண்ணுக்குக் கெடுதல் என்றான். கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்றான். முதல் ஞாயிறு அன்று ஜன்னலை இருட்டாக வைக்கச் சொல்கிற கஞ்சனை நான் பெறவில்லை என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறந்திருக்காது. மாடி ஜன்னல்களில் இருப்பவை எல்.இ.டி. போட்ட புதுமாதிரி, பல்பைக் கழற்றவே முடியாது. சரியான ஏழு பல்பு ஓடையோடு செக் எல்லையைக்கூடத் தாண்டியிருக்கலாம். ஓடை அந்தப் பக்கம் ஓடவில்லை என்பதை யோசிக்கிற நிலைமையில் அவன் இல்லை.

நான்கு மணிக்கு அம்மா நடு பல்பை இறுக்கினாள். வளைவு பிரளயம் மாதிரி எரிந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், வாசலிலேயே நின்று வாய் பிளந்தார்கள். கோட்ஹார்ட் மறுபடி தொப்பியைக் கழற்றினார். இருட்டு ஃபால்க் பேரை மாத்தணும்போலிருக்கே என்று ஒருவர் சொல்ல, அம்மா முகத்தில் ஒரு வருடமாக இல்லாத ஒரு பூரிப்பு வந்தது. ஊர் வைத்த பெயர் அவளையும் குத்திக்கொண்டிருந்தது என்பது ஃபால்க்குக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கணக்கில் அது வரவில்லை.

டாக்டர் ஸ்யூஸ் கடைசியாக வந்தாள். வளைவுக்கு நேர் எதிரில் இருந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உருளைக்கிழங்கு சாலட் சுற்றி வந்தது. பாட்டு நடந்தது. ஃபால்க் ஒரு வாயும் சாப்பிடவில்லை, கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பாட்டின் நடுவில், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அறை இருண்டது. மரப்பொம்மை மட்டும் இருட்டில் புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஓம் விதி சொன்ன வார்த்தை தவறவில்லை.

யாரோ மூலையிலிருந்த மேஜை விளக்கைப் போட்டார்கள்.

"இருட்டு ஃபால்க் வீடாச்சே," என்றார் கோட்ஹார்ட், தொப்பியைப் போட்டுக்கொண்டே. "வேற எப்படி இருக்கும்?"

சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கேக் கத்தியைக் கையில் வைத்தபடி அவனைப் பார்த்தாள். "நீ பார்க்கிறியா," என்றாள் மெதுவாக, "இல்ல பாடம் எடுக்கப்போறியா?"

மல்டிமீட்டர் கெம்னிட்ஸில் கட்டில்மேல் கிடந்தது. அவன் எழுந்து ஜன்னலருகே போனான். பின்னாலேயே டாக்டர் ஸ்யூஸும் வந்தாள். கைப்பையைத் திறந்து பஞ்சில் சுற்றிய ஒரு பல்பை எடுத்தாள்.

"நல்ல காலம், ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்," என்றாள் எல்லோருக்குமாக. பிறகு அவன் காதருகே குனிந்து, பல் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற அதே இதமான குரலில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலமே எரியவிட்டுப் பார்த்தேன் தம்பி. கண்ணாடி என் நெத்தியிலதான் இருந்துச்சு. இருபத்தி மூணுன்னு எழுதியிருக்கிறதைப் படிக்க இன்ஜினியரிங் படிக்க வேணாம். உங்க அம்மாவோட பாக்கி ஆறும் பத்திரமா இருக்கு. நாளைக்கு வந்து வாங்கிக்க. என்னோட ஏழையும் கொண்டு வந்துடு. அப்படியே இன்னொரு கடைவாய்ப் பல்லையும் பார்த்துடலாம், அதுவும் சரியில்ல."

நிமிர்ந்து, பல்பை அவன் கையில் வைத்து, "எந்தப் பல்பு போயிருக்குன்னு தெரியலையே," என்றாள் சத்தமாக. "தம்பிக்குத் தெரியும்."

ஃபால்க் கையிலிருந்த பல்பின் அடியைப் பார்த்தான். முப்பத்து நாலு. அதிக முரண்டு உள்ள ஒன்று, குறைந்த முரண்டு உள்ள ஆறோடு ஒரே வரிசையில் நிற்கப்போகிறது. வருகிற அழுத்தத்தில் மற்றதைவிட இரண்டு மடங்குப் பங்கு இதன் தலையில்தான் விழும், அறுபது வோல்ட்டாவது. மற்ற ஆறையும்விட வெறித்தனமாக எரிந்து, அடுத்த பாட்டு முடிவதற்குள் இதுவும் போய்ச் சேரும். அவளுக்கு இது தெரியாது. இந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் அவன்தான். சொன்னால் சொல்லலாம். திரும்பி நின்று, வரிசைச் சுற்றில் தொடங்கி, இரண்டே சூத்திரத்தில்.

எல்லோரும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இன்னும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

அவன் வாயைத் திறக்கவில்லை. இடப்பக்கத்தில் முதல் பல்பைக் கழற்றினான். நல்லதை வைத்துத் திருகினான். எரியவில்லை. பழசையே திரும்பப் போட்டான். இரண்டாவதைக் கழற்றினான், நல்லதை வைத்தான், திருகினான். எரியவில்லை. திருகு சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டி, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்தான். பின்னால் யாரும் சிரிக்கவில்லை, யாரோ கேக்கை மென்றுகொண்டிருந்தார்கள்.

மூன்றாவதைக் கழற்றினான்.